யாப் தீவின் கல் பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பசிபிக் பெருங்கடலில் உள்ள யாப் என்னும் சிறு தீவைப் பற்றியும், நடுவே துளையிட்ட பெரிய வட்டக் கற்களை அத்தீவினர் செல்வமாகப் போற்றுவதைப் பற்றியும் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டிக் கொங்குப் பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்துப் பத்துக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். 'கல்லைப் போய்ப் பணம் என்பார்களா?' என்ற வியப்பு பல கடிதங்களில் இருந்தது. நூறாண்டுக்கும் மேலாக வெளியுலகம் யாப்பை இந்த வியப்போடு மட்டுமே பார்த்துவருகிறது. அந்தக் கற்களை அத்தீவினரே எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதைச் சொல்வதே இந்தப் பதில்களின் நோக்கம்.

யாப் எங்கே இருக்கிறது? உலகப்படத்தில் தேடியும் கண்ணில் படவில்லையே!
— கல்லூரி மாணவி, உடுமலைப்பேட்டை

பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிழக்கே, குவாம் தீவுக்குத் தென்மேற்கே, கரோலின் தீவுக் கூட்டத்தின் மேற்குப் பகுதியில் தேடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 பாகையில், அதாவது நம் இராஜபாளையம் இருக்கும் அதே அட்சரேகையில் அது கிடக்கிறது. நெருங்கி நிற்கும் நான்கு தீவுகளை ஒரே பவளப்பாறை வளையம் சூழ்ந்திருக்கிறது. நான்கையும் சேர்த்தாலும் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர்தான். மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடுகள் என்ற பெயருடைய ஒரே நாட்டின் நான்கு மாநிலங்களுள் யாப் ஒன்று. கொலோனியா அதன் தலைநகர். கிழக்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தூரம் சிதறிக் கிடக்கும் வெளித்தீவுகளும் இம்மாநிலத்தைச் சேர்ந்தவையே. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதும் வாழ்ந்தோர் 11,377 பேர்.

மூன்று தலைமுறையாகக் கல் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. இரும்பு உளி இல்லாத காலத்தில் ஆளுயரக் கல்லை வட்டமாக வெட்டித் துளையும் போட்டார்கள் என்பதை எப்படி நம்புவது? அந்தக் கல் எத்தகையது?
— சிற்பி, திருமுருகன்பூண்டி

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது. முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் நாள்தோறும் கையாளும் கருங்கல் அன்று அது, சுண்ணாம்புக்கல் வகை. குகைகளுக்குள் நீர் சொட்டிச் சொட்டி, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிகமாகப் படிந்து உண்டான கல் என்பதால், புதிதாக வெட்டிய முகம் வெயிலில் மினுமினுக்கும். கருங்கல்லோடு ஒப்பிட்டால் மிகவும் மென்மையானது. இந்தக் கல் யாப்பில் கிடைக்காது என்பதுதான் கதையின் அடிப்படை. யாப்பின் அடித்தளம் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை; சுண்ணாம்புக் குகைகள் அங்கே இல்லை. ஆகவே, தென்மேற்கே சுமார் 450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பலாவ் தீவுகளுக்குத் துடுப்பும் பாயும் கொண்ட ஓடங்களில் சென்று, அங்குள்ள தலைவர்களுக்குப் பொருளும் உழைப்பும் கொடுத்து இசைவு பெற்று, மாதக்கணக்கில் தங்கி வெட்டினார்கள். அங்காகுமாங் என்றும் அனாகுமாங் என்றும் வழங்கப்படும் ஒரு மாலுமிதான் இக்கல்லை முதலில் கண்டான் என்பது யாப்பின் பழங்கதை. தன் ஆட்களை முதலில் மீன் வடிவத்திலும், பின்பு பிறை வடிவத்திலும் வெட்டச் சொன்னான் என்றும், இறுதியில் முழுநிலா வடிவத்தில் வெட்டி நடுவே துளையிட்டபோதுதான் தூக்கிச் செல்ல வசதிப்பட்டது என்றும் அக்கதை சொல்கிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, இரும்பு வருவதற்கு முன் அவர்களிடம் இருந்தவை பெருஞ்சிப்பி ஓட்டைத் தீட்டிச் செய்த வாச்சிகளும் கல் சுத்தியல்களும்தாம். கொத்திக் கொத்தி விளிம்பை வட்டமாக்கி, இரு பக்கங்களிலிருந்தும் குடைந்து நடுத்துளையைத் திறந்து, நுரைக்கல்லும் மணலும் கொண்டு தேய்த்து முடித்தார்கள். துளை அழகுக்காக இட்டதன்று. அதில் மரத்தண்டைச் செருகி இருபுறமும் ஆட்கள் தோள்கொடுத்துத்தான் கல்லைக் கரைவரை கொண்டுவர முடியும். பிறகு தெப்பத்தில் ஏற்றி, ஓடங்களால் திறந்த கடலில் இழுத்துச் செல்ல வேண்டும். கைக்குள் அடங்கும் சிறு கற்களும் உண்டு. மிகப் பெரியவை சுமார் 3.6 மீட்டர் குறுக்களவும் 4 டன் எடையும் கொண்டவை. அத்தகைய பெருங்கற்கள் பெரும்பாலும் இரும்புக் கருவியும் ஐரோப்பியக் கப்பலும் வந்த பிறகு வெட்டப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும். சிப்பி வாச்சியால் வெட்டிய பழைய கற்கள் அளவில் சிறியவை. உளியின் தடத்தையும் விளிம்பின் நயத்தையும் பார்த்தே இது எந்தக் காலத்துக் கல் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். உங்கள் கண்ணுக்கும் அது பிடிபடும்.

நான் வங்கியில் பணிபுரிகிறேன். கடலில் மூழ்கிய கல்லுக்கும் மதிப்பு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கண்ணால் காணாத பொருளை எப்படிச் செல்வமாக ஏற்பார்கள்? இது வெறும் கட்டுக்கதையாக இருக்கலாம் அல்லவா?
— வங்கி அலுவலர், கரூர்

அந்தச் செய்தியைப் பதிவு செய்தவர் வில்லியம் ஹென்றி பர்னஸ் என்ற அமெரிக்கர். அவர் 1903-ல் யாப்பில் தங்கி, 1910-ல் அத்தீவைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவருக்கு நண்பரான உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், அருகிலுள்ள ஊரில் ஒரு குடும்பத்தைக் குறிப்பிட்டு, அவர்களுடைய செல்வத்தை யாரும் பார்த்ததில்லை, அந்தக் குடும்பத்தாரே பார்த்ததில்லை என்றாராம். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு அக்குடும்பத்தின் மூத்தோர் ஒருவர் மிகப் பெரிய கல் ஒன்றை வெட்டித் தெப்பத்தில் கட்டி இழுத்து வந்தபோது புயல் பிடித்துக்கொண்டது. உடன் வந்தோரின் உயிரைக் காக்கத் தெப்பத்தின் கயிற்றை அறுத்துவிட, கல் ஆழத்தில் போய்விட்டது. ஊர் திரும்பிய அனைவரும் அதன் அளவையும் அழகையும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்; கல் தொலைந்தது உரியவரின் குற்றம் அன்று என்பதையும் ஊர் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கல் வீட்டு வாசலில் சாய்த்து வைத்ததைப் போலவே மதிப்புடையதாக இருந்துவந்தது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து. நம் ஊரில் ஒரு தோட்டத்துப் பூமி கிரயம் ஆகும்போது அந்தப் பூமியை யாரும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. இன்னாருடையது என்று ஊருக்குத் தெரிந்திருப்பதும் பத்திரத்தில் பெயர் மாறுவதுமே போதும். யாப்பில் பத்திரம் என்ற ஒன்று கிடையாது. ஊராரின் நினைவே பதிவேடு. ஆகவேதான் பெருங்கல் ஒன்று கைமாறினாலும் கிடக்கும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஊர்க் கூடத்தின் முன்னுள்ள ஆட்டக்களத்தின் ஓரமாகக் கற்கள் வரிசையாகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். எந்தக் கல் யாருடையது, எந்தத் திருமணத்தில் அல்லது எந்தச் சமாதானத்தில் அது கைமாறியது, அதைக் கொண்டுவரும் வழியில் உயிரிழந்தவர் யார் என்பனவெல்லாம் சொல்லிச் சொல்லியே காக்கப்பட்டுவந்தன. ஒரு கல்லின் மதிப்பை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை; அதன் வரலாறே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. பாதி அளவே உள்ள கல், அதற்காக உயிர் போயிருந்தால், பெரிய கல்லைவிட உயர்ந்ததாகலாம்.

உங்கள் துறையைச் சேர்ந்தவர்களும் இக்கதையை விட்டுவைக்கவில்லை. பொருளியலறிஞர் கெய்ன்ஸ் 1915-ல் பர்னஸின் நூலுக்கு மதிப்புரை எழுதினார். மில்டன் ஃப்ரீட்மன் 1991-ல் இதை எடுத்துக்கொண்டு, 1932–33-ல் நியூயார்க்கின் மத்திய வங்கிக் கிளை பிரான்சுக்குரிய தங்கத்தை அதே கட்டடத்தில் வேறு இழுப்பறைகளுக்கு மாற்றிப் பெயர்ச்சீட்டு ஒட்டியதோடு ஒப்பிட்டார். தங்கம் கட்டடத்தைவிட்டு நகராமலே உலகச் சந்தை கலங்கியது என்பது அவர் வாதம். இக்காலத்தில் கணினிவழிப் பணமான பிட்காயினுக்கும் யாப் கல்லை எடுத்துக்காட்டுகிறார்கள். உரிமைப் பதிவு ஒருவரிடம் மட்டும் இராமல் எல்லோரிடமும் இருக்கிறது என்ற அளவில் அது பொருத்தம்தான்.

ஆனால் இவர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். யாப்பினர் இந்தக் கற்களைக் கொடுத்துச் சந்தையில் மீனோ கிழங்கோ வாங்கியதில்லை. திருமணம், இழைத்த தீங்குக்கு ஈடு, ஊர்களுக்கிடையே உடன்படிக்கை, நில உரிமை, போரில் இறந்தவரின் உடலை மீட்பது ஆகிய பெருங்காரியங்களுக்கே கல் கைமாறியது. கல்லைத் தவிர முத்துச்சிப்பி ஓடு, சிப்பி மாலை, நெய்த துணிச்சுருள், மஞ்சள் ஆகியவையும் அவர்களிடம் மதிப்புப் பொருள்களாக வழங்கின. அன்றாடச் செலவுக்கு இன்று அங்கே அமெரிக்க டாலர். ஆதலால் 'பணம்' என்று நாம் சொல்வதே ஓர் ஒப்புக்குத்தான். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடனையும் செய்த மரியாதையையும் மறவாமல் வைத்திருக்க உதவும் சாட்சி என்று அந்தக் கல்லைக் கொள்வதே நேர்மையாக இருக்கும்.

ஜெர்மானியர் ஆட்சியில் நடந்ததாகப் பர்னஸ் எழுதியுள்ள ஒரு செய்தியையும் சேர்த்துவிடுகிறோம். பாதைகளைச் செப்பனிட ஊர்கள் மறுத்தபோது, அதிகாரிகள் ஆள் அனுப்பி மதிப்புமிக்க கற்களின்மீது கறுப்புச் சாயத்தால் சிலுவைக்குறி இட்டு, இவை இனி அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்தார்கள். ஒரு கல்லும் நகரவில்லை; ஆனாலும் மக்கள் உடனே பாதைகளைச் சீராக்கினார்கள், குறிகள் அழிக்கப்பட்டன. இதைப் படித்து யாப்பினரின் வெள்ளை மனத்தை எண்ணிச் சிரிப்போர் உண்டு. வங்கிக் கணக்கை முடக்கினால் நாம் என்ன செய்வோம் என்பதை உங்களைவிட யார் அறிவார்?

பழைய நாணயங்கள் சேகரிப்பவன் நான். யாரேனும் இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் கல் வெட்டிக் கொண்டுவந்தால் மதிப்பு சரிந்துவிடாதா? அசல் கல்லை விலைக்கு வாங்க முடியுமா?
— நாணயச் சேகரிப்பாளர், கோயம்புத்தூர்

நீங்கள் அஞ்சுவதுபோல் ஒருவர் செய்து பார்த்தார். அமெரிக்காவின் சவானா நகரிலிருந்து புறப்பட்ட ஐரிஷ்காரரான டேவிட் ஓகீஃப் என்னும் கப்பல் தலைவர் 1871-ல் கப்பல் உடைந்து யாப்பில் ஒதுங்கினார். கொப்பரைக்கும் கடலட்டைக்கும் கிழக்காசியச் சந்தைகளில் நல்ல விலை கிடைத்த காலம் அது. ஆனால் யாப்பினர் கூலிக்கு வேலை செய்ய ஆர்வம் காட்டவில்லை. அவர்கள் விரும்புவது பலாவ் கல்லைத்தான் என்று கண்டுகொண்ட ஓகீஃப், அவர்களைத் தம் கப்பலில் பலாவுக்கு ஏற்றிச் சென்று, இரும்புக் கருவிகளைக் கொடுத்து, வெட்டிய கற்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்; கூலியாகக் கொப்பரையைப் பெற்றுக்கொண்டார். முப்பது ஆண்டுகள் இவ்வாறு வணிகம் செய்து செல்வரானவர், 1901-ல் கடற்பயணம் ஒன்றில் மறைந்துபோனார்.

அவர் கொண்டுவந்த கற்கள் பழையவற்றைவிடப் பெரியவை. ஆனால் மதிப்பில் தாழ்ந்தவை. ஓடத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவராத கல்லுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க ஊர் மறுத்துவிட்டது. எண்ணிக்கை பெருகியபோது பழைய கற்களின் மதிப்பு சரியாமல் தனித்து நின்றதற்குக் காரணம் இதுவே. ஜப்பானியர் ஆட்சியில் 1929-ல் எண்ணியபோது பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் இருந்தன. போர்க்காலத்தில் உடைபட்டும் புயலில் புதையுண்டும் போனவை போக, இன்று எஞ்சியவை அதைவிட மிகக் குறைவு.

வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தன் வரலாற்றைச் சொல்லும் ஊரைப் பிரிந்துவிட்டால் அது வெறும் சுண்ணாம்புக்கல். பார்க்க மட்டும் வேண்டுமானால் ஒட்டாவாவில் கனடா வங்கியின் அருங்காட்சியகத்திலும், டோக்கியோவின் ஹிபியா பூங்காவிலும் பெரிய கற்கள் உள்ளன.

மதிப்புப் பொருள்களில் மஞ்சளும் உண்டாமே! அங்கே மஞ்சள் எப்படிப் போயிற்று? நம்மைப்போல் வேகவைத்துக் காயவைக்கிறார்களா?
— மஞ்சள் விவசாயி, கொடுமுடி

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வைப்பவர்கள் இக்கேள்வியைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். நாம் பயிரிடும் மஞ்சள் விதை கொடுக்காத பயிர் என்பது உங்களுக்குத் தெரியும். கிழங்கை எடுத்து நட்டால்தான் அடுத்த பயிர். ஆகவே காற்றோ பறவையோ கடல்நீரோட்டமோ அதைத் தீவுக்குக் கொண்டுபோயிருக்க இயலாது. தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து கிழக்கு நோக்கி ஓடங்களில் பரவிய மக்கள், சேம்பு, வாழை, கரும்பு ஆகியவற்றோடு மஞ்சள் கிழங்கையும் கையில் எடுத்துச் சென்று ஒவ்வொரு தீவிலும் நட்டார்கள். யாப்பில் முளைக்கும் மஞ்சள் ஒவ்வொன்றும் எப்போதோ ஒருவர் ஓடத்தில் வைத்துக் காத்துக் கொண்டுவந்த கிழங்கின் வழிவந்ததே.

செய்முறை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. விரலியும் கிழங்குமாகப் பிரித்து வேகவைத்துக் களத்தில் உலர்த்தி மெருகேற்றும் வழக்கம் அங்கில்லை. பச்சைக் கிழங்கைச் சொரசொரப்பான பரப்பில் துருவி, நீரில் கரைத்து, வடிகட்டித் தெளியவைத்து, அடியில் படியும் நிறமேறிய மாவை மட்டும் எடுத்துக் கட்டியாகப் பிடித்து உலர்த்துகிறார்கள். மூட்டைக் கணக்கில் கிழங்கு போட்டாலும் கிடைக்கும் மாவு கொஞ்சம்தான். அதனால்தான் அது மதிப்புப் பொருளாயிற்று. குழம்பில் போடுவதற்கு அன்று அது. ஆட்டத்துக்கு முன் உடலில் பூசவும், சடங்குகளில் பயன்படுத்தவும், பெரியோருக்குக் காணிக்கையாக வைக்கவுமே அதைச் செய்தார்கள்.

இந்த மஞ்சள் கட்டி கடலைக் கடந்து சென்ற முறை தனிக்கதை. கிழக்கேயுள்ள வெளித்தீவுகள் பெரும்பாலும் மணல் மேடிட்ட பவளத் தீவுகள். கடல்மட்டத்துக்கு மேலே சில மீட்டர் உயரமே எழும்பியவை. அங்கே நல்ல மண் இல்லை, பெருமரம் இல்லை, மஞ்சளும் செழிக்காது. புயல் அடித்தால் சேம்புக் குழிகளில் உப்புநீர் ஏறிச் சோற்றுக்கே வழியிராது. ஆகவே கிழக்குக் கோடியிலிருந்து ஓடங்கள் புறப்பட்டு, தீவுக்குத் தீவு துணை சேர்த்துக்கொண்டு, உலித்தி என்ற பவளத் தீவு வழியாக யாப்பின் காகில் பகுதியிலுள்ள கச்சபர் என்ற ஊருக்கு வந்து சேரும். நெய்த துணி, தேங்காய் நார்க்கயிறு, தேங்காய் எண்ணெய், சிப்பி ஆகியவற்றைக் காணிக்கையாக வைத்துவிட்டு, மஞ்சள், மரம், மூங்கில், உணவு ஆகியவற்றைப் பெற்றுத் திரும்புவார்கள். சாவெய் என்று பெயர்பெற்ற இம்முறையை வெளியார் சிலர் கப்பம் என்று எழுதினார்கள். கொடுத்ததைவிடப் பெற்றுத் திரும்பியது பெரும்பாலும் கூடுதல் என்பதால் அந்தப் பெயர் பொருந்தாது. யாப்புக்குக் கிடைத்தது பெருமை. வெளித்தீவுகளுக்குக் கிடைத்தது பஞ்சகாலத்தில் அடைக்கலம். ஜெர்மானியரும் ஜப்பானியரும் நெடுந்தூர ஓடப் பயணத்துக்குத் தடைவிதித்த பின் அம்முறை ஓய்ந்தது. ஆயினும் புயலுக்குப் பின் வெளித்தீவினர் யாப்பில் வந்து தங்குவது இன்றும் தொடர்கிறது.

அந்தத் தீவுகளில் தறி உண்டா? என்ன நூலில் நெய்கிறார்கள்?
— கைத்தறி நெசவாளர், சென்னிமலை

உண்டு, வெளித்தீவுகளில் நெசவு முழுவதும் பெண்களின் கலை. நம் குழித்தறியில் உள்ள மிதியோ பாவுக் கட்டையோ அதில் இல்லை. பாவின் ஒரு முனையைத் தூணிலோ சட்டத்திலோ கட்டி, மறுமுனையை நெய்பவரின் இடுப்புக்குப் பின்னால் செல்லும் பட்டையோடு பிணைத்திருப்பார்கள். கால்களை நீட்டித் தரையில் அமர்ந்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் பாவு விறைக்கும், முன்னுக்கு வந்தால் தளரும். தறியின் பாதி வேலையை நெய்பவரின் முதுகே செய்கிறது. பருத்தி விளையாத இடம் என்பதால் வாழைநாரையும், செம்பருத்தி இனத்து மரமொன்றின் பட்டை நாரையும் உரித்து, கிழித்து, முடிச்சிட்டு நீட்டி நூலாக்கினார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் லவலவா என்ற துணி இவ்வாறு உருவாவது. தலைவர்களின் இறுதிச் சடங்குக்கும் சாவெய் காணிக்கைக்கும் உரிய மச்சி என்ற துணியின் கரைப்பூ வேலைக்குப் ஃபைஸ் தீவு பெயர்பெற்றது. இன்று கடையில் வாங்கும் வண்ண நூலிலேயே பெரும்பாலும் நெய்கிறார்கள். நார் பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நம் பகுதியில் கூட்டம், குலம் என்று இருப்பதுபோல் அங்கும் உண்டா? ஏற்றத்தாழ்வு இல்லாத சமூகமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

முதல் கேள்விக்கு ஆம்; இரண்டாவதற்கு இல்லை. யாப்பில் குலம் தாய்வழியாக வருகிறது. ஒரே குலத்தார் தமக்குள் மணம் செய்வதில்லை. ஆனால் நிலமும் பெயரும் தந்தைவழியில் வருகின்றன. தபினாவ் எனப்படும் குடும்ப நிலத்தில் கல்லால் கட்டிய வீட்டு மேடை ஒன்று இருக்கும்; ஊரில் இன்ன பொறுப்பு, இன்ன பேச்சுரிமை என்பது அந்த மேடைக்கு உரியது. அதில் வாழ்பவர் அதன் குரலாகப் பேசுகிறார். தலைமை நிலத்துக்குத்தான், மனிதனுக்கன்று என்று அவர்கள் சொல்வார்கள். வேறு குலத்திலிருந்து வந்த மனைவி, கணவனின் நிலத்திலும் சேம்புக் குழிகளிலும் பாடுபடுவதன் மூலமே தன் பிள்ளைகளுக்கு அந்நிலத்தில் உரிமை தேடித்தருகிறாள். அந்த வீட்டில் பிறந்து மணமாகி வெளியே சென்ற அத்தைமாரும் அவர்களுடைய மக்களும் அந்நிலத்தின்மீது கண் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் முறைதவறினால் கொடுத்த பெயரையே திரும்பப் பெறும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அத்தைக்கு இத்தனை அதிகாரமா என்று நீங்கள் வியக்கலாம், நாங்கள் பொறாமைப்பட்டோம்.

ஊர்களுக்குள் ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகவே இருந்தது. எந்த ஊர் எந்தப் படிநிலையில் என்பது வரையறுக்கப்பட்டு, கீழ்ப்படியில் இருந்த ஊரார் மேல்படி ஊர்களுக்கு உழைப்புக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். யார் எந்த மீனை உண்ணலாம், எந்த அணியை அணியலாம் என்பதில்கூடக் கட்டுப்பாடுகள் இருந்தன. கல் பணத்தைப் பற்றி எழுதும் பலர் தீவை ஒரு பொன்னுலகமாகக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். சாதியின் சுமை அறிந்த நாம் அவ்வாறு விடக்கூடாது. இன்று பள்ளியும் அரசுப் பணியும் அந்தப் பிடியைத் தளர்த்தியிருக்கின்றன. நிலம் சார்ந்த வரிசை மட்டும் முற்றிலும் போய்விடவில்லை.

பொள்ளாச்சி இளநீரும் பசிபிக் தேங்காயும் ஒரே வகையா?
— தென்னை விவசாயி, ஆனைமலை

இனம் ஒன்றே, வழி வேறு. உலகத் தென்னைகளின் மரபணுவை ஆராய்ந்து 2011-ல் வெளிவந்த ஆய்வு, இந்தியப் பெருங்கடல் வகை, பசிபிக் வகை என இரு பெரும் பிரிவுகளைக் காட்டியது. இரண்டும் தனித்தனி இடங்களில் மனிதர் கையில் வளர்க்கப்பட்டவை என்பது அதன் முடிவு. கொப்பரை வணிகம் யாப்பில் இன்று பெயரளவுக்குத்தான். அங்கிருந்து குவாம், சைப்பன் முதலிய தீவுகளுக்கு அனுப்பப்படும் விளைபொருள்களில் பாக்குக்கே பெயர் அதிகம்.

யார் யார் ஆண்டார்கள்?
— போட்டித் தேர்வு எழுதுவோர் சிலர், நாமக்கல், திருப்பூர்

1885-ல் ஸ்பெயினும் ஜெர்மனியும் கரோலின் தீவுகளுக்கு உரிமை கொண்டாடிப் பூசலிட, போப் பதின்மூன்றாம் லியோ நடுவராக இருந்து ஸ்பெயினின் ஆட்சியுரிமையை ஏற்றார். அமெரிக்காவிடம் போரில் தோற்ற ஸ்பெயின், 1899-ல் இத்தீவுகளை 2.5 கோடி பெசெட்டாவுக்கு ஜெர்மனிக்கு விற்றது. 1905-ல் ஜெர்மானியர் யாப்பைக் குவாம், ஷாங்காய், செலிபஸ் தீவின் மெனாடோ ஆகியவற்றோடு கடலடித் தந்திக் கம்பிகளால் இணைத்தார்கள். 1914-ல் ஜப்பான் தீவைக் கைப்பற்றியதும், அந்தக் கம்பிகள் யாருக்கு என்ற வழக்கு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே முற்றி, 1922-ல் உடன்படிக்கையால் தீர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை யாப்பில் இறங்காமல் குண்டு மட்டும் வீசிவிட்டு, 1944-ல் உலித்தியின் நீர்ப்பரப்பை நூற்றுக்கணக்கான போர்க்கப்பல்களின் தங்குதுறையாக்கிக்கொண்டது. 1947-ல் ஐக்கிய நாடுகளின் அறக்காப்பு நிலமாக அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1979-ல் கூட்டாட்சியின் அரசியலமைப்பு ஏற்கப்பட்டு, 1986-ல் அமெரிக்காவுடன் தடையற்ற இணைவு ஒப்பந்தம் (தன்னாட்சி நாட்டுக்கு, பாதுகாப்பு அமெரிக்காவின் பொறுப்பு என்னும் ஏற்பாடு) நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யும்போது ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியார் கொண்டுவந்த நோய்களால் மக்கள்தொகை தொடர்ந்து சரிந்து, போர் முடிந்தபோது யாப்பின் முதன்மைத் தீவுகளில் எஞ்சியோர் சுமார் 2,500 பேர்தான்.

கருவி இல்லாமல் கடலில் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பது உண்மையா? அங்கு சென்றுவர முடியுமா?
— குடும்பத்தோடு பயணம் செய்ய விரும்பும் வாசகர், காங்கேயம்

உண்மையே. யாப் மாநிலத்தின் கிழக்கு எல்லையிலுள்ள சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் என்னும் மாலுமி, 1976-ல் ஹொக்குலெயா என்ற இரட்டை ஓடத்தை வரைபடமோ திசைகாட்டியோ இன்றி ஹவாய்த் தீவுகளிலிருந்து தஹித்திக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகச் செலுத்திக் கரை சேர்த்தார். விண்மீன்கள் எழும் இடமும் மறையும் இடமும், அலைகள் ஓடத்தின் அடியில் மோதும் விதமும், மாலையில் பறவைகள் திரும்பும் திசையும் அவருக்குக் கருவிகள். பாட்டனாரிடம் சிறுவயதிலேயே கற்ற அந்த அறிவை அவர் தம் தீவைச் சாராத ஹவாய் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்; ஹவாயில் அழிந்துபோயிருந்த கலை அதனால் உயிர்பெற்றது. அவர் 2010-ல் காலமானார். கரோலின் தீவுகளின் வழிகாணும் கலையையும் ஓடம் செய்யும் கலையையும், உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2021-ல் சேர்த்தது.

பயணத்தைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. குவாம் வழியாகச் செல்வதே வழக்கமான வழி, அதற்கு அமெரிக்க விசா விதிகளையும் பார்க்க வேண்டும். ஊர்களுக்குள் செல்லும் கல் பாவிய பாதைகள் பொதுவழி போலத் தோன்றினாலும், அவை கடக்கும் நிலம் யாருக்கேனும் உரியது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே முறை. நடக்கும்போது கையில் ஓர் இலையோ பசுங்கொப்போ வைத்திருந்தால், தீய எண்ணமின்றி வருகிறோம் என்று பொருள். கற்களின்மீது ஏறி அமர்ந்து படம் எடுக்கக் கூடாது. ஆட்களைப் படம் எடுக்கவும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெற்றிலை போடும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பேச்சுத்துணைக்குக் குறைவிராது: பச்சைப் பாக்கைப் பிளந்து, சுண்ணாம்பு தூவி, மிளகுக் கொடி இனத்து இலையில் மடித்து மெல்வது அங்கே ஆண் பெண் எல்லோரின் பழக்கம், ஓலைப்பின்னல் கூடையில் அதற்குரிய பொருள்களைக் கையோடு கொண்டுசெல்வார்கள். அமர்ந்தாடும் ஆட்டமும் மூங்கில் ஆட்டமும் ஒருசேரக் காண விரும்பினால், மார்ச் 1-ஆம் நாளையொட்டி நடக்கும் யாப் திருநாளுக்குச் செல்வது நல்லது. விடுதிகள் குறைவு, அந்தச் சமயத்துக்கு அறைகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.